மஞ்சள் நூல் போட்ட விரிப்பு

என் தம்பி மனைவி யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் தலையணை உறையைத்தான் தொட்டுப் பார்ப்பாள். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்கு வந்தவள், கட்டிலில் கிடந்த விரிப்பின் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துவிட்டு, "சோப்பு சரியா அலசல அண்ணி" என்றாள். காபி தம்ளர் இன்னும் கையில் இருக்கிறது, அதற்குள் குறை. அன்றைக்கே அவளுக்கு 'வெள்ளைக்காரி' என்று பேர் வைத்துவிட்டேன். முகத்துக்கு நேராக அல்ல, முதுகுக்குப் பின்னால்தான். ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் பேர் நிலைத்துவிட்டது.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் பெரிய சலவை ஆலை ஒன்று இருக்கிறது. இரண்டு மூன்று மணி நேரத் தூரம் வரை உள்ள ஹோட்டல், லாட்ஜ் எல்லாவற்றின் படுக்கை விரிப்பும் மூட்டை மூட்டையாக வேனில் அங்கேதான் வரும். பதினொரு வருடமாக அவள் அங்கே பிரிப்பு மேசையில் நிற்கிறாள். மூட்டையை அவிழ்த்து, கையுறை போட்ட கையால் ஒவ்வொன்றாக உதறி, எது சாதாரண அழுக்கு, எது கறை, எது கிழிசல் என்று தனித்தனி வண்டியில் போட வேண்டும். விரிப்பின் மூலையில் ஒவ்வொரு ஹோட்டலுக்கும் ஒரு நிறத்தில் நூல் தைத்திருக்கும். சிவப்பு நூல் ஒரு ஹோட்டல், நீலம் இன்னொன்று. அந்த ஹோட்டல்களின் வாசலைக்கூட அவள் பார்த்ததில்லை. ஆனால் ஒரு விரிப்பை உதறிப் பார்த்தால், அதில் ஒரு ராத்திரி ஆள் படுத்ததா, நாலு ராத்திரி படுத்ததா, படுத்தவர் தலைக்கு மை போடுகிறவரா என்பது வரை சொல்லிவிடுவாள்.

எனக்கு அவள் மேல் ஒரு கோபம் இருந்தது. தானாக இருந்தது என்று சொல்ல முடியாது, நான்தான் அதை வருடக் கணக்காகத் தண்ணீர் ஊற்றி வளர்த்தேன். மகளை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வருவாள், சாப்பிடுவாள், என்னோடு சேர்ந்து பாத்திரம் கழுவுவாள். இருட்ட ஆரம்பித்தால் போதும், செருப்பைத் தேடுவாள். "இருந்துட்டு காலையில போயேன்" என்றால் நாளைக்கு ஷிப்ட் என்பாள், தலைவலி என்பாள், வீட்டில் அடுப்பை அணைத்தேனா தெரியவில்லை என்பாள். நம் வீட்டு விரிப்பு மகாராணிக்கு ஆகாது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவள் நான். கம்பிக்குள் கையை நீட்டும்போதே ஆள் எப்படி என்று எடை போட்டுவிடுவேன் என்ற மிதப்பு வேறு.

உண்மை என்ன என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். மறைத்து வைத்துக் கதை விட எனக்குப் பொறுமை கிடையாது. அவள் மகளுக்கு ஒன்பது வயது. தூக்கத்தில் படுக்கையை நனைத்துவிடுவாள். வாரத்தில் மூன்று நாள், சில வாரம் ஐந்து நாள். "தானா சரியாயிடும், திட்டாதீங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர்களும் திட்டவில்லை. ஆனால் அந்த வீட்டு மூன்று பேரைத் தாண்டி விஷயம் வெளியே போகக் கூடாது என்று பெண் அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். முக்கியமாக என் இரண்டு பையன்களுக்குத் தெரியவே கூடாது. தெரிந்திருந்தால் அவர்கள் பேர் வைத்தே அவளை ஒரு வழி பண்ணியிருப்பார்கள். இந்தப் பேர் வைக்கும் குணம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள்.

இப்படி இருக்கும்போதுதான் பள்ளிக்கூடம் விட்டு லீவு வந்தது. பையன்கள் தீம் பார்க், தீம் பார்க் என்று என் உயிரை எடுத்தார்கள். எங்கள் ஊரிலிருந்து இரண்டரை மணி நேரப் பயணம். ஒரு நாளில் பார்த்து முடிகிற இடமில்லை. இரண்டு நாள் டிக்கெட் எடுத்தால் சலுகை. ஆனால் ஒரு ராத்திரி தங்க வேண்டும். என் வீட்டுக்காரருக்கு ராட்டினத்தைப் படத்தில் பார்த்தாலே தலை சுற்றும். என் தம்பிக்கு லீவு இல்லை. "சரி, நாம ரெண்டு பேரும் பசங்களைக் கூட்டிட்டுப் போவோம்" என்று வெள்ளைக்காரியிடம் சொன்னேன். எப்படியும் ஏதாவது சாக்குச் சொல்வாள், சொல்லட்டும், இந்தத் தடவை நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று தயாராகத்தான் இருந்தேன்.

அவள் திரும்பி மகளைப் பார்த்தாள். அந்தத் தண்ணீர்ச் சறுக்கின் விளம்பரத்தைச் செய்தித்தாளிலிருந்து வெட்டி நோட்டுக்குள் வைத்திருக்கும் பெண், "நான் வரலம்மா. எனக்குத் தண்ணின்னா பயம்" என்றாள். எங்கள் பையன்களைவிட நன்றாக நீந்துகிறவள் அப்படிச் சொன்னது எனக்குக்கூடக் கொஞ்சம் விசித்திரமாகத்தான் பட்டது. பிள்ளைக்கும் அம்மாவின் திமிர் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கடவுளே, என்னை என்ன செய்தால் தகும்!

இரண்டு நாள் கழித்து வெள்ளைக்காரி போன் செய்தாள். "போலாம் அண்ணி. ஆனா ரூம் நான் பார்க்கறேன்."

நான் அதற்குள் போனில் தேடித் தேடிக் கண் எரிந்து உட்கார்ந்திருந்தேன். பார்க் வாசலை ஒட்டிய ஹோட்டல்களில் ஒரு ராத்திரிக்குக் கேட்கிற காசில் நாங்கள் ஒரு மாதம் குடித்தனம் நடத்திவிடலாம். கட்டுப்படியாகிற மாதிரி ஒன்றே ஒன்று கிடைத்தது. படத்தில் பளபளவென்று இருந்தது. கட்டிலின் மேல் சிவப்பு ரோஜா இதழ் வேறு தூவியிருந்தார்கள். அதைப் பெருமையாக அவளிடம் காட்டினேன். பேரைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"இது நீல நூல் அண்ணி. அறுபது ரூம். எங்களுக்கு ஒரு நாளைக்கு இருபது பெட்ஷீட்தான் வருது. மீதி நாப்பதை என்ன பண்றாங்கன்னு நினைக்கிறீங்க?"

"என்ன பண்றாங்க?"

"உதறிட்டு அப்படியே திரும்பப் போட்டுடறாங்க. அந்த ரோஜாப்பூ எதுக்குன்னு இப்பப் புரியுதா?"

எனக்கு அன்று முழுக்க உடம்பு அரித்தது.

அவள் மனதில் வைத்திருந்தது மஞ்சள் நூல், அதுவும் பார்க் பக்கத்திலிருந்து வருவதுதானாம். வாரத்துக்கு இரண்டு முறை ஒரு சின்ன மூட்டை வருமாம். பிரித்தால் எல்லா விரிப்பும் நான்காக மடித்து, மூலைக்கு மூலை பொருத்தி, ஆள் படுத்த சுவடே இல்லாமல் இருக்குமாம். அதில் சில விரிப்பு மட்டும் ஈரமாக வரும், அதுவும் வெறும் தண்ணீர். கூடவே மெத்தை மேல் போடும் ரப்பர் ஷீட்டும் அலச வருமாம். "பதினொரு வருஷத்துல இப்படிச் சுத்தமான ஹோட்டலை நான் பார்த்ததில்ல அண்ணி" என்றாள். ரப்பர் ஷீட்டைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். எனக்கு உறைக்கவில்லை.

மற்ற மூட்டைச் சீட்டில் ஹோட்டல் பேர் இருக்கும், மஞ்சள் நூல் சீட்டில் மட்டும் இருக்காது. நூலின் நிறமும் ஒரு போன் நம்பரும்தான். என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போட்டு அழைத்தாள்.

"வணக்கம். உங்கள் அழைப்புக்கு மிக்க நன்றி. நான் உங்களுக்கு எந்த வகையில் உதவ வேண்டும்?" ஓர் ஆண் குரல், மனப்பாடச் செய்யுள் ஒப்பிப்பது போல.

ரூம் வேண்டும் என்றாள். தேதி கேட்டார், எத்தனை பேர் என்று கேட்டார். தலையணை மெத்தென்று வேண்டுமா, கெட்டியாக வேண்டுமா என்றுகூடக் கேட்டார். ஒரு ரூமுக்கு அவர் சொன்ன வாடகையைக் கேட்டு நான் வாயைப் பொத்திக்கொண்டேன். கத்திவிட்டால் ஏற்றிவிடுவாரோ என்று பயம். இரண்டு ரூம் சொன்னோம். எங்கள் பேரை எழுத்துக்கு எழுத்து திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துவிட்டு, "தங்கள் வருகைக்குக் காத்திருக்கிறோம்" என்று முடித்தார். வைக்கும்போது அந்த மனுஷர் பெருமூச்சு விட்டது எங்களுக்கே கேட்டது.

வழியை அவள் வேன் ஓட்டுநரிடம் கேட்டு வந்தாள். பெரிய கட்டிடம், தோட்டம் இருக்கிறது, பார்க்குக்கு நடந்தே போகலாம் என்றாராம். பின்வாசலில் மூட்டையைப் போட்டுவிட்டுத் திரும்புகிறவருக்கு முன்வாசல் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று எப்படித் தெரியும்?

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குப் பைகளோடு அந்த முன்வாசலில் நின்றோம். பலகையைப் படித்துவிட்டு என் பெரியவன்தான் சொன்னான்: "அம்மா, இது ஸ்கூலும்மா."

ஹோட்டல் பணிப் பயிற்சி நிலையம் என்று போட்டிருந்தது. உள்ளே வரவேற்பு மேசை இருந்தது. மேசைக்குப் பின்னால் கோட்டு மாட்டிய ஆஜானுபாகுவான ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும், மீசை இரண்டு பக்கமும் முறுக்கி விட்டிருந்தது. எங்களையும் பைகளையும் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"மேடம்!" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "நிஜமாவே வந்துட்டாங்க மேடம்!"

வந்தது கறாரான ஓர் அம்மாள். அவர்தான் அங்கே பயிற்சி கொடுப்பவர். விஷயம் மெல்ல மெல்லப் பிடிபட்டது. அங்கே பன்னிரண்டு ரூம் உண்டு. ஆனால் யாரும் தங்குவதில்லை. எல்லாம் பழகிப் பார்ப்பதற்கு. மேசை மேல் இருக்கும் போனில் பயிற்சியம்மாளே விதவிதமான குரலில் பேசி ரூம் கேட்பாராம், மாணவர்கள் பதில் சொல்லிப் பழக வேண்டுமாம். மீசைக்காரர் முன்பு லாரி ஓட்டியவர். முதுகு போனதால் வேறு தொழில் படிக்க வந்திருக்கிறார். எங்கள் போனையும் பரீட்சை என்றே நினைத்து, பாடப் புத்தகத்தில் இருந்த வாடகையைச் சொல்லிவிட்டார்.

"போன்ல ரெண்டு பொம்பளைங்க குரல் கேட்டுது மேடம். நீங்கதான் அன்னிக்குக் கஷ்டமான கேள்வி குடுக்கறீங்கன்னு நினைச்சேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார் மேல் காட்டுவது? பக்கத்தில் நின்றவள் மேல்தான். "நூலைப் பார்த்து ரூம் எடுத்த ஒரே ஆள் உலகத்துலயே நீதான்! ஆள் படுத்தாத்தானே அழுக்காகும்? இது உனக்குத் தோணலையா? லீவு நாள்ல இனி எந்த லாட்ஜ்ல இடம் இருக்கும்?" என்று பையன்கள் முன்னால் பொரிந்து தள்ளினேன். அவளோ மகளின் கையை மட்டும் இறுக்கமாகப் பிடித்திருந்தாள். பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு பயிற்சியம்மாளிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "மெத்தைக்கெல்லாம் ரப்பர் ஷீட் போட்டிருக்கீங்கதானே மேடம்?"

"எல்லாத்துக்கும் போட்டிருக்கு. ஏன்?"

"இங்க இடம் குடுக்க முடியலன்னா பரவால்ல. நாங்க ஊருக்கே திரும்பிடறோம். வேற ஹோட்டல் வேண்டாம்."

எனக்குப் புரியவில்லை. ஆனால் அந்த அம்மாளுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். வெள்ளைக்காரியைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார். உள்ளே போய் யாரிடமோ போனில் பேசினார். அந்தப் பத்து நிமிஷம் எனக்குப் பத்து மணி நேரம் மாதிரி இருந்தது. திரும்பி வந்து மீசைக்காரரைப் பார்த்து, "எடுத்த புக்கிங்கை இல்லைன்னு சொல்லலாமா?" என்று கேட்டார்.

"கூடாது மேடம். மூணாவது பாடம்."

"அப்ப என்ன நிக்கறீங்க? பையை வாங்குங்க."

வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. வாடகையும் புத்தகத்தில் போட்டதுதான், ஒரு பைசா ஏற்றவில்லை. அந்தப் படிப்பு ஆரம்பித்ததிலிருந்து உயிரோடு வந்த முதல் விருந்தாளிகள் நாங்கள். எங்கள் மூன்று பைகளைத் தூக்க ஒன்பது பேர் வந்தார்கள். என் சின்னவனிடம் நாலு பேர் தனித்தனியாகத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள். நாலு தடவையும் குடித்தான். பார்க்குக்குப் போய் மாலை வரை சுற்றிவிட்டு வந்து, அவளும் மகளும் ஒரு ரூமிலும், நானும் பையன்களும் அடுத்த ரூமிலுமாகப் படுத்தோம். எனக்குப் படுத்ததுதான் தெரியும்.

காலையில் பற்பசை கேட்க அவர்கள் கதவைத் தட்டினேன். திறந்துதான் இருந்தது. கட்டில் வெறும் ரப்பர் ஷீட்டோடு கிடந்தது. நாற்காலியில் பெண் போர்வையைச் சுற்றிக்கொண்டு விசும்பிக்கொண்டிருந்தாள். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம். வெள்ளைக்காரி பிழிந்த விரிப்பைக் கையில் ஏந்தியபடி வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். முழுப் படுக்கை விரிப்பை யார் மறைக்க முடியும்?

"அண்ணி, பசங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

அந்த ஒரு நொடியில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. செருப்பைத் தேடிய ஒவ்வொரு சாயங்காலமும் கண்முன் வந்தது. யார் யாரிடமெல்லாம் அவளைப் பற்றி என்னவெல்லாம் பேசியிருக்கிறேன்! "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றேன் வெட்கத்தோடு. என் வாய்க்கு அது புதிது.

அதற்குள் கதவு மூன்று முறை தட்டப்பட்டது. "காலை வணக்கம். அறையைச் சுத்தம் செய்யலாமா?" மீசைக்காரர் கையில் மடித்த விரிப்புகளோடு நின்றார். பின்னால் பயிற்சியம்மாள். தடுக்க எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் கட்டிலைப் பார்த்தார், வெள்ளைக்காரி கையில் இருந்ததைப் பார்த்தார். முகம் முழுக்க மலர்ந்துவிட்டது.

"மேடம்! படுக்கை நிஜமாவே நனைஞ்சிருக்கு மேடம்!"

"அதுக்கு ஏன் இப்படிக் கத்தறீங்க?"

"இல்ல மேடம், இத்தனை நாளா நாமளே ஜக்குல மொண்டு ஊத்திட்டு, நாமளே மாத்திட்டு..." பெண்ணின் பக்கம் திரும்பினார். "பாப்பா, எட்டாவது பாடமே இதுதான். நனைஞ்ச படுக்கையை நாலு நிமிஷத்துல மாத்தணும். நான் ரெண்டு தடவை ஃபெயில். தினமும் எவ்வளவு தண்ணி ஊத்தறோம் தெரியுமா? அதுக்குத்தான் எல்லா மெத்தைக்கும் ரப்பர் போட்டு வச்சிருக்கு."

பெண் விசும்பலை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். "தினமுமா?"

"தினமும். பெரிய பெரிய ஹோட்டல்ல எல்லாம் இது ரொம்ப சகஜம். அடிக்கடி நடக்காத விஷயத்துக்கு எவனாவது பாடம் வைப்பானா?"

பயிற்சியம்மாள் கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்சைக் கழற்றிப் பெண்ணிடம் நீட்டினார். "இன்னிக்கு நீதான் பரீட்சை வைக்கறே. தாட்சண்யம் பார்க்காதே."

அவள் போர்வையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் அழுத்தினாள். மீசைக்காரர் பாய்ந்தார். ரப்பர் ஷீட்டைத் துடைத்தார், புதியதை விரித்தார், அதன் மேல் வெள்ளை விரிப்பை ஒரே வீச்சில் பறக்கவிட்டார். மூலையை மடக்கும்போது தடுமாறினார். வெள்ளைக்காரிக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, கட்டை விரலை உள்ள விட்டு மடிங்க!" என்று கத்தினாள். பயிற்சியம்மாள் முறைத்தார். பெண் நாற்காலி மேலேயே ஏறி நின்றுவிட்டாள்.

"மூணு நிமிஷம் அம்பத்தெட்டு! பாஸ்!"

மீசைக்காரர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவளுக்கு ஒரு சலாம் போட்டார். அவள் சிரித்தாள். வாய்விட்டு, அடுத்த ரூமுக்குக் கேட்கும்படி. என்ன சத்தம் என்று என் பையன்கள் ஓடி வந்தபோது, "நான் இவருக்குப் பரீட்சை வச்சேன்" என்று ஸ்டாப்வாட்சைக் காட்டினாள். பையன்களுக்குப் பொறாமை தாங்கவில்லை. தங்களுக்கும் ஒரு பரீட்சை வேண்டுமென்று கேட்டார்கள். நான் அவர்களைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனேன்.

அன்று அந்தத் தண்ணீர்ச் சறுக்கில் அவள் பதினான்கு முறை ஏறினாள். என் பெரியவன் மூன்றாவது முறையே வயிற்றைக் கலக்குகிறது என்று உட்கார்ந்துவிட்டான். நானும் வெள்ளைக்காரியும் கீழே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தோம். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயெடுத்தேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "டீ நல்லாவே இல்ல" என்றேன். "ஆமா அண்ணி" என்றாள்.

சாயங்காலம் பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் சீட்டு கிடைத்தது. பையன்கள் முன்னால் போய்விட்டார்கள். ஜன்னலோரம் நான், நடுவில் பெண், அந்தப் பக்கம் அவள் அம்மா. பஸ் கிளம்பிக் கால் மணி நேரத்தில் பெண்ணின் தலை என் மடியில் சாய்ந்துவிட்டது. வெள்ளைக்காரி சட்டென்று கையை நீட்டி அவள் தோளை உலுக்கினாள். "தூங்காதடி. எழுந்து உட்காரு, வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்."

நான் அந்தக் கையைப் பிடித்து எடுத்துவிட்டேன். "விடு. தூங்கட்டும்."

"அண்ணி, உங்க புடவை..."

"புடவைதானே? நனைஞ்சா நீ துவைச்சுக் குடு. நான் துவைச்சா சோப்பு சரியா அலச மாட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள், அழுகை வந்துவிட்டது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தால், முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை முட்டுக் கொடுத்து, வாய் லேசாகத் திறந்து, பிள்ளையைவிட அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஊர் வரும்வரை நான் காலை அசைக்கவில்லை. கல்யாணமாகிப் பத்து வருடம் ஆகிறது, அவள் நிம்மதியாகத் தூங்கி அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.